எழுதி வைக்காத இல்லறக் கணக்கு: இனியும் பொறுப்பதற்கில்லை

நெல்லை மாவட்டத்து உவரிக் கடற்கரையில் படகு கரையேறினால் அன்றைய மீன்பாட்டுக்கு அன்றைக்கே கணக்கு முடிந்துவிடும். ஏலம் போன தொகையில் எரிபொருள் செலவைக் கழித்துவிட்டு, படகுக்கு இவ்வளவு, எஞ்சினுக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு, கடலுக்குப் போன ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு வைப்பார்கள். இரும்புக்கும் நூலுக்கும்கூடப் பங்கு உண்டு. அந்த எஞ்சினை வாங்க எந்தப் பெண்ணின் கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போனதோ, அந்தப் பெண்ணுக்கு மட்டும் அந்தக் கணக்கில் இடம் இல்லை. அவருடைய பவுன்தான் படகாக மாறியது என்று சொல்ல ஒரு துண்டுத் தாளும் இல்லை. நல்ல காலத்தில் இது யாருக்கும் உறைப்பதில்லை. வீட்டில் சண்டை வந்த அன்றும், கடன்காரன் வாசலில் வந்து நின்ற அன்றும், கடலுக்குப் போனவர் திரும்பாத அன்றும்தான் அந்தத் தாளின் அருமை தெரிகிறது. அன்றைக்குத் தெரிந்து பயன் இல்லை.

திருமணமான தம்பதியர், தங்களுக்குள் நகை, சொத்து, வருமானம், கடன் ஆகியவை பற்றி மனமொத்து எழுதிக்கொள்ளும் உடன்படிக்கைக்கு இந்த நாட்டில் இன்றுவரை நேரான சட்ட வழி இல்லை. நாடாளுமன்றம் அதைச் செய்யவில்லை. செய்யும் அதிகாரம் கையில் இருந்தும் தமிழ்நாடு சட்டமன்றம் செய்யவில்லை. ஊரும் கோயிலும் அதைப் பற்றிப் பேசுவதையே குற்றமாகப் பார்க்கின்றன. மூன்று தரப்பையும் இந்தத் தலையங்கம் கண்டிக்கிறது. மூன்று தரப்பும் திருத்திக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறது.

பவுன் போகும் பாதை

கல்யாணத்தில் போட்ட நகை எத்தனை வீடுகளில் இரண்டாம் ஆண்டு வரை பெட்டியில் இருக்கிறது? படகு வாங்க, வலை வாங்க, பழுதான எஞ்சினை மாற்ற, வெளிநாட்டு வேலைக்கு ஏஜெண்டிடம் பணம் கட்ட, நாத்தனார் கல்யாணத்துக்கு என்று ஒவ்வொன்றாகப் போகிறது. அடகு ரசீது பெரும்பாலும் கணவர் பெயரில் இருக்கும். படகின் பதிவும், சங்கக் கடனும் அவர் பெயரில்தான். சவூதியிலோ குவைத்திலோ சம்பாதித்து அனுப்பிய பணத்தில் வீடு கட்டினால் மனை அவருடைய அப்பா பெயரில் இருக்கும், கட்டடச் செலவுக்குக் கணக்கே இருக்காது. மனைவி கொண்டுவந்ததும் உழைத்ததும் இந்தத் தாள்கள் எதிலும் ஏறுவதில்லை.

கடலை விட்டு உள்ளே குட்டம், இடையன்குடி, திசையன்விளைப் பக்கம் போனாலும் இதே கதைதான். பனையேறி பதநீர் இறக்குபவர் ஆண். அடுப்பின் முன் உட்கார்ந்து, அனலில் வெந்து, பதம் பார்த்துக் கருப்பட்டி ஆக்குபவர் பெண். கருப்பட்டி விற்ற காசில் வாங்கிய நிலத்துக்குப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டுப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். மீன் சுமந்து விற்கும் பெண்ணுக்கும், கருவாடு காயவைக்கும் பெண்ணுக்கும், நெல்லைச் சீமையின் உள்ளூர்களில் பீடி சுற்றும் பெண்ணுக்கும் நிலைமை வேறில்லை.

இந்த உழைப்பின் அளவு அரசுக்குத் தெரியாததில்லை. 2019-இல் மத்திய அரசே எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளம் இல்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாள் ஒன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 97 நிமிடம். கணக்கெடுக்கத் தெரிந்த அரசுக்கு, அந்த உழைப்பில் சேர்ந்த சொத்தில் உரிமை எழுதித் தரத் தெரியவில்லை.

சட்டம் கைவிட்ட இடம்

இந்து திருமணச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, திருமணத்தை ஒட்டி இருவருக்கும் பொதுவாக வந்த பொருள்களைப் பற்றி மட்டும் பேசுகிறது. அதன்பின் முப்பது ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்து சேர்த்த வீட்டையும் நிலத்தையும் பற்றி அது வாய் திறப்பதில்லை. உவரியில் பெரும்பான்மையாக வாழும் கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும் 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம், அதன் 20-ஆவது பிரிவில், திருமணத்தால் ஒருவருக்கு மற்றவர் சொத்தில் எந்த உரிமையும் வராது என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறது. அவரவர் சொத்து அவரவருக்கு என்ற அந்தக் கொள்கை கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இருவர் உழைப்பும் ஒருவர் பெயரில் போய்ச் சேரும் ஊரில் அது யாருக்கு நியாயம்?

அதே சட்டத்தின் 32-ஆவது பிரிவில் ஒரு விளக்கம் இருந்தது. திருமணத்துக்கு முன் செய்த ஒப்பந்தத்தின் மூலம், கணவன் இறந்தபின் தனக்கு வரவேண்டிய பங்கை ஒரு பெண் விட்டுக்கொடுத்திருந்தால், கைம்பெண்ணான பிறகு அவருக்குப் பங்கு கிடையாது என்பது அதன் சாரம். 2002-இல்தான் அது நீக்கப்பட்டது. பெண்ணின் பங்கைப் பறிக்கும் எழுத்துக்கு முக்கால் நூற்றாண்டு காலம் மரியாதை கொடுத்த சட்டம், பங்கைக் காக்கும் எழுத்துக்கு மரியாதை கொடுக்க இன்னும் தயங்குகிறது. இதைவிடப் பெரிய அநீதி என்ன இருக்க முடியும்?

கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும் 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தின் 40-ஆவது பிரிவு, திருமணத்துக்கு முன்போ பின்போ தம்பதியர் பேரில் செய்யப்பட்ட சொத்து ஏற்பாடுகளை நீதிமன்றம் விசாரித்து, கணவன், மனைவி, பிள்ளைகள் ஆகியோரின் நன்மைக்கு ஏற்ப ஆணையிடலாம் என்கிறது. பெற்றோரின் நன்மைக்காகப் பிள்ளைகளின் பங்கைக் குறைக்கக் கூடாது என்ற காவலும் அதிலேயே இருக்கிறது. ஆக, கல்யாணத்துக்குப் பின் செய்யும் ஏற்பாடு இந்த மண்ணுக்குப் புதிதல்ல. ஒன்றரை நூற்றாண்டாகச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. அதை எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவாக்கி, எப்படி எழுதுவது, எங்கே பதிவது, எது செல்லும், எது செல்லாது என்று வகுத்துத் தர வேண்டியவர்கள் செய்யாமல் விட்டார்கள்.

2013 ஆகஸ்டில், விவாகரத்தின்போது கணவரின் அசையாச் சொத்தில் மனைவிக்குப் பங்கு தரும் திருமணச் சட்டத் திருத்த மசோதா மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவையில் நிறைவேறாமல் 2014-இல் காலாவதி ஆனது. திருமணத்துக்குப் பின் சேரும் சொத்தில் இருவருக்கும் பங்கு வேண்டும் என்று 2018 ஆகஸ்டில் சட்ட ஆணையம் தன் ஆலோசனை அறிக்கையில் எழுதியது. அதுவும் அறிக்கையாகவே நின்றுபோனது. ஆளும் கட்சிகள் மாறின, அலட்சியம் மாறவில்லை.

பாசம் இருக்கும்போதே எழுது என்கிறது சட்டம்

“புருஷன் பொஞ்சாதிக்குள்ள என்ன பத்திரம்? எழுதணும்னு நெனச்ச அன்னைக்கே குடும்பம் போச்சு.” இதுதான் ஊரில் முதலில் வரும் பதில். பெரியவர்கள் சொல்கிறார்கள், வக்கீல்களும் சிலர் சொல்கிறார்கள். இந்தப் பேச்சு தவறு மட்டுமல்ல, சட்டத்துக்கே நேர்மாறானது.

1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு, பிரதிபலன் இல்லாத ஒப்பந்தம் செல்லாது என்று சொல்லிவிட்டு, உடனே ஒரு விதிவிலக்குத் தருகிறது. நெருங்கிய உறவினர்களுக்குள், இயல்பான அன்பாலும் பாசத்தாலும், எழுத்தில் செய்து பதிவும் செய்த ஒப்பந்தம் செல்லும். 1900-இல் கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்கு ஒரு தம்பதியின் வழக்கு வந்தது. சண்டை முற்றிய பிறகு, மனைவிக்குத் தனி வீட்டுக்கும் பராமரிப்புக்கும் பணம் தருவதாகக் கணவர் எழுதிப் பதிவும் செய்து கொடுத்திருந்தார். அந்தப் பத்திரம் செல்லாது என்று நீதிமன்றம் தள்ளிவிட்டது. எழுதிய வேளையில் இருவருக்கும் இடையே பாசம் இல்லை என்பதுதான் காரணம்.

இதைப் படித்த பிறகும், குடும்பம் நன்றாக இருக்கும்போது எதற்குப் பத்திரம் என்று கேட்பவர்கள், அந்தக் குடும்பத்துப் பெண்ணை நீதிமன்றத்தில் வெறுங்கையோடு நிற்க வைக்கிறார்கள். நன்றாக இருக்கும்போது எழுதினால்தான் அது நிற்கும். பகை வந்தபின் எழுதியது நிற்காது. அந்தக் கல்கத்தா வழக்குக்கு 124 ஆண்டுகள் கழித்து உச்ச நீதிமன்றத்தில் முடிந்த ஒரு வழக்கும், நல்ல காலத்திலேயே எழுதி வைக்க வேண்டும் என்பதைக் காட்டுகிறது. 2003-இல் கேரளத்தில் நடந்த திருமணம் அது. பெண் வீட்டார் போட்ட 89 பவுன் நகையை, பத்திரமாக வைப்பதாகச் சொல்லி முதல் இரவன்றே கணவர் வாங்கித் தாயாரிடம் கொடுத்ததாகவும், அது அவர்களுடைய பழைய கடனை அடைக்கப் போய்விட்டதாகவும் மனைவி வழக்குத் தொடுத்தார். குடும்ப நீதிமன்றம் ஏற்றது. ஆதாரம் போதாது என்று உயர் நீதிமன்றம் மறுத்தது. 2024 ஏப்ரலில்தான் உச்ச நீதிமன்றம் அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. சீதன நகை கணவன் மனைவிக்குப் பொதுச் சொத்து ஆகாது, கஷ்ட காலத்தில் கணவர் எடுத்துப் பயன்படுத்தினாலும் திருப்பித் தரும் கடமை அவருக்கு உண்டு என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது. திருமணம் முடிந்த வாரத்தில் இருவரும் கையெழுத்திட்ட ஒரு பட்டியல் இருந்திருந்தால், அந்தப் பெண் தன் வாழ்வின் நல்ல வயதை நீதிமன்றப் படிகளில் கழித்திருக்க வேண்டியதில்லை.

அந்தப் பட்டியலை எழுத வேண்டும் என்று 1985-ஆம் ஆண்டிலேயே விதி வந்துவிட்டது. வரதட்சணைத் தடைச் சட்டத்தின் கீழ் வந்த அந்த விதி, மணமக்களுக்கு வந்த பரிசுகளின் விவரம், தோராய மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவு ஆகியவற்றை எழுதி இருவரும் கையொப்பமிட வேண்டும் என்கிறது. மொய் எழுதத் தனி நோட்டும் தனி ஆளும் வைக்கும் ஊர் நம் ஊர். 51 ரூபாய் கொடுத்தவர் பெயர்கூட அதில் இருக்கும். மணப்பெண்ணின் நகைக்கு மட்டும் பட்டியல் எழுதுவதில்லை. நாற்பது ஆண்டுகளாக இந்த விதியைச் செயல்படுத்தாத அதிகாரிகள் வெட்கப்பட வேண்டும்.

நீதிபதி சொன்னதை ஆட்சியாளர் கேட்கவில்லை

சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி 2023 ஜூன் 21 அன்று அளித்த தீர்ப்பு, உவரி போன்ற ஊர்களில் வீடுதோறும் வாசித்துக் காட்ட வேண்டியது. 1983 முதல் 1994 வரை சவூதியில் வேலை செய்த ஒருவர் வீட்டுக்குப் பணம் அனுப்பினார். மனைவி இங்கே வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு, சொத்தும் வாங்கினார். திரும்பி வந்த கணவர், எல்லாம் தன் பணம், மனைவி வெறும் காவல்காரர் என்று வழக்குப் போட்டார். அவர் இறந்த பின் பிள்ளைகள் வழக்கைத் தொடர்ந்தார்கள். வீட்டுப் பொறுப்பை மனைவி ஏற்றதால்தான் கணவரால் வெளியே போய்ச் சம்பாதிக்க முடிந்தது, எனவே அந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் அவருக்குச் சமபங்கு உண்டு என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனைவியின் இந்தப் பங்களிப்பை நேரடியாக அங்கீகரிக்கும் சட்டம் இல்லை, ஆனால் அங்கீகரிக்கக் கூடாது என்று தடுக்கும் சட்டமும் இல்லை என்று நீதிபதி குறிப்பிட்டார்.

அது ஆட்சியாளர்களை நோக்கிச் சொல்லப்பட்டது. சட்டம் இல்லாத குறையை ஒரு நீதிபதி தன் மனசாட்சியால் நிரப்பினார். எல்லா வழக்கும் அதே நீதிபதியிடம் போகாது. எல்லாப் பெண்ணாலும் திசையன்விளையிலிருந்து உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை வழக்கு நடத்தவும் முடியாது. நெல்லைக் குடும்ப நல நீதிமன்றத்துக்கு ஒரு வாய்தாவுக்குப் போய்வர ஒரு நாள் கூலி போகிறது. இதை வைத்துக்கொண்டுதான் நீதி கிடைக்கும் என்று அவர்களுக்குச் சொல்கிறோம்.

குடும்பச் சட்டம் மத்திய அரசின் விஷயம் என்று மாநில அரசு நழுவ முடியாது. திருமணமும் வாரிசுரிமையும் பொதுப் பட்டியலில் இருப்பவை. 1967-இல் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்தது இதே சட்டமன்றம். 1989-இல் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று திருத்தியதும் இதே சட்டமன்றம். நாடாளுமன்றம் அதைச் செய்ய 2005 ஆனது. மகளுக்கு உரிமை தர முன்னால் நின்ற மாநிலம், மனைவிக்கு என்று வரும்போது ஏன் நின்றுபோனது?

எழுதினால் கிடைப்பது என்ன

உடன்படிக்கை இருவருக்கும் பாதுகாப்பு. மனைவி கொண்டுவந்த நகை எவ்வளவு, அதில் எது அடகு போனது, எதற்காகப் போனது, எப்போது மீட்டுத் தரப்படும் என்பது எழுத்தில் இருக்கும். கணவருக்குத் தாய்வழியில் வந்த நிலம் அவருடையது என்பதும் அதே தாளில் இருக்கும். அண்ணன் தம்பி சேர்ந்து வாங்கிய படகில் யாருக்கு எத்தனை பங்கு, அதில் எந்தப் பங்கு மனைவியின் பவுனில் வந்தது என்பது தெளிவாகும். நாளைக்கு மாமியாரோ கொழுந்தனாரோ கேள்வி கேட்டால் பதில் தாளில் இருக்கும். இருவரும் வாய்ச்சண்டை போட வேண்டியதில்லை.

கடன் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். கந்துவட்டிக்கு நெல்லை மாவட்டம் கொடுத்த விலை எல்லாருக்கும் தெரியும். கணவர் எங்கெங்கு கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று மனைவிக்குத் தெரியாத வீடுகள் ஏராளம். உடன்படிக்கை எழுத உட்காரும் அன்று எல்லாக் கடனும் வெளியே வந்தாக வேண்டும். இன்ன தொகைக்கு மேல் இருவர் சம்மதம் இல்லாமல் கடன் வாங்குவதில்லை என்று எழுதிக்கொண்டால் பல வீடுகள் பிழைக்கும்.

பிள்ளைகளுக்காக வேலையை விட்ட ஆசிரியைக்கும் செவிலியருக்கும், அந்த ஆண்டுகளுக்கு ஈடாகச் சேமிப்பில் ஒரு பங்கு எழுதலாம். மறுமணம் செய்தவர்கள், முதல் திருமணத்துப் பிள்ளைகளுக்கு எது என்று பிரித்து எழுதி வைக்கலாம். வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தில் வாங்குவதெல்லாம் இருவர் பெயரிலும் என்று முடிவு செய்யலாம். மனைவி, பிள்ளைகள் பெயரைக் குறித்துக் கணவர் எடுக்கும் ஆயுள் காப்பீட்டுத் தொகையை அவருடைய கடன்காரர்கள் தொட முடியாதபடி காக்க 1874-ஆம் ஆண்டு மணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு வழி செய்திருக்கிறது. அதைச் சொல்லித் தரவும் ஆள் இல்லை.

கடலோர ஊருக்கே உரிய காரணம் இன்னொன்று உண்டு. கடலில் காணாமல் போனவர் ஏழு ஆண்டுகள் வரை தகவல் இல்லாமல் இருந்தால்தான் இறந்தவராகக் கொள்ள முடியும் என்பது சாட்சியச் சட்டம். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது குமரி மாவட்டக் கடலோரப் பெண்கள் இந்த விதியின் கொடுமையைப் பார்த்தார்கள். உடல் கிடைக்காத குடும்பங்களுக்கு நிவாரணம் கிடைக்க அரசு தனியாக முடிவெடுக்க வேண்டியிருந்தது. புயல் செய்தியாகாத நாளில் ஒரு படகு மட்டும் திரும்பாமல் போனால் யார் முடிவெடுப்பார்கள்? படகும் வங்கிக் கணக்கும் வீடும் இருவர் பெயரிலும் இருந்து, யாருக்கு என்ன என்று எழுதியும் இருந்தால், அந்த ஏழு ஆண்டில் பிள்ளைகளின் படிப்பு நிற்காது.

எழுதக் கூடாதவை

உடன்படிக்கை என்ற பெயரில் ஏமாற்று நடக்கவும் இடம் உண்டு. அதனால்தான் சட்டம் வேண்டும் என்கிறோம். இத்தனை ஆண்டு கழித்துப் பிரிந்துவிடுவோம் என்று முன்கூட்டியே எழுதுவதை நீதிமன்றங்கள் பொது நலனுக்கு எதிரானது என்று ஏற்பதில்லை. ஜீவனாம்சமே வேண்டாம் என்று மனைவியிடம் எழுதி வாங்குவதும் செல்லாது. பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்பதைப் பிள்ளையின் நன்மையை வைத்து நீதிமன்றமே முடிவு செய்யும். கடன்காரரை ஏமாற்றச் சொத்தை மனைவி பெயருக்கு மாற்றினால் சொத்து மாற்றுச் சட்டத்தின் 53-ஆவது பிரிவு குறுக்கே வரும். மிரட்டி வாங்கிய கையெழுத்துக்கு மதிப்பில்லை. இவ்வளவும் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்து எழுதித் தர வேண்டும். கணவர் வீட்டு வக்கீல் எழுதி, மனைவி படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடும் தாள் உடன்படிக்கை ஆகாது.

எழுதுவதையே எதிர்ப்பவர்களுக்கும் பதில் உண்டு. தம்பதியருக்குள் நடக்கும் பேச்சில் சட்டம் தலையிடாது என்பது 1919-இல் இங்கிலாந்து நீதிபதிகள் சொன்னது. இலங்கையில் வேலை பார்த்த ஓர் ஆங்கிலேயர், உடல்நலம் குன்றி இங்கிலாந்தில் தங்கிய மனைவிக்கு மாதம் 30 பவுண்டு தருவதாகச் சொன்ன வாக்கு அன்று ஒப்பந்தம் ஆகவில்லை. அந்த நாடே பிறகு மாறிவிட்டது. திருமணத்துக்குப் பின் செய்த உடன்படிக்கை செல்லும் என்று 2008-இல் லண்டன் பிரிவி கவுன்சில் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. நம் சொந்தத் தமிழ் உலகத்திலும் முன்னுதாரணம் இருக்கிறது. 1707-இல் டச்சுக்காரர்கள் தொகுத்த யாழ்ப்பாணத்துத் தேசவழமை, முன்னோர் வழி வந்த முதுசம், பெண்ணுக்கு வந்த சீதனம், இருவரும் சேர்ந்து தேடிய தேடியதேட்டம் என்று இல்லறச் சொத்தை மூன்றாகப் பிரித்து வைத்தது. மனைவி தன் நிலத்தை விற்கக் கணவர் சம்மதம் வேண்டும் என்ற பெரிய குறை அந்தச் சட்டத்தில் உண்டு. ஆனாலும் சேர்ந்து தேடியதை அது தனியாகப் பார்த்தது. மேலப்பாளையத்தில் நிக்காஹ் நடந்தால் மஹர் தொகை பதிவேட்டில் ஏறுகிறது. கல்யாணத்தில் கணக்கு எழுதுவதால் குடும்பம் கெட்டுவிடும் என்றால் இந்தத் தலைமுறைகளெல்லாம் எப்படி வாழ்ந்தன?

செய்ய வேண்டியவை

நாடாளுமன்றம், திருமணத்துக்குப் பின் சேர்ந்த சொத்தில் இருவருக்கும் உரிமை தரும் சட்டத்தை மீண்டும் கொண்டுவர வேண்டும். எல்லாச் சமயத் தம்பதியரும் எழுதிப் பதிவு செய்யும் சொத்து உடன்படிக்கை செல்லும் என்று அதில் தெளிவாக எழுத வேண்டும். ஜீவனாம்சத்தையும் பிள்ளைகள் நலனையும் பறிக்கும் எந்த ஷரத்தும் செல்லாது என்று அதிலேயே சேர்க்க வேண்டும்.

மத்திய அரசு செய்யும் வரை காத்திருக்காமல் தமிழ்நாடு சட்டமன்றம் 1967-இலும் 1989-இலும் செய்ததைப் போல முன்னால் வர வேண்டும். எளிய தமிழில் மாதிரிப் படிவம் ஒன்றைப் பதிவுத்துறை வெளியிட வேண்டும். குடும்பத்துக்குள் செய்யும் செட்டில்மெண்டுக்கு 2023 ஜூலையில் முத்திரைத் தீர்வை உச்சவரம்பை 25,000 ரூபாயிலிருந்து 40,000 ரூபாயாகவும், பதிவுக் கட்டண உச்சவரம்பை 4,000 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாகவும் உயர்த்தினார்கள். கணவன் மனைவிக்குள் செய்யும் ஏற்பாட்டுக்காவது அந்தச் சுமையைக் குறைக்க வேண்டும். 2025 ஏப்ரல் முதல் பெண்கள் பெயரில் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பதிந்தால் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைத்த அரசுக்கு இது முடியாத காரியமல்ல. படகுப் பதிவில் தம்பதியர் இருவர் பெயரையும் சேர்க்க மீன்வளத் துறை ஊக்கம் தர வேண்டும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, கணவருக்கு ஒருவர், மனைவிக்கு ஒருவர் என்று தனித்தனி வழக்கறிஞரை இலவசமாகத் தர வேண்டும். கடலோர ஊர்களில் இதற்கென்றே முகாம் நடத்த வேண்டும்.

ஊரும் கோயிலும் தங்கள் பங்கைச் செய்ய வேண்டும். மூன்று ஞாயிறு திருமண ஓலை வாசித்து, திருமணத் தயாரிப்பு வகுப்பும் முடித்த பிறகே திருமணத்தை மந்திரிக்கும் பங்குக் கோயில்கள் அந்த வகுப்பில் நகைப் பட்டியலைப் பற்றியும் சொத்து உடன்படிக்கையைப் பற்றியும் ஒரு மணி நேரம் பேசட்டும். உவரி சுயம்புலிங்க சுவாமி கோயில் வாசலில் தாலி கட்டும் குடும்பங்களுக்கும் ஊர்ப் பெரியவர்கள் இதையே சொல்லட்டும். “பத்திரம் கேட்கிற பொண்ணு குடும்பத்துக்கு ஆகாது” என்ற பேச்சு இனி ஊர்க் கூட்டத்தில் எழக் கூடாது. எழுந்தால் பெரியவர்களே கண்டிக்க வேண்டும்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். திருமணம் ஆகி எத்தனை ஆண்டு ஆகியிருந்தாலும் பரவாயில்லை. இந்த வாரம் ஒரு நாள் இருவரும் உட்கார்ந்து, கல்யாணத்தில் வந்தது என்ன, இப்போது இருப்பது என்ன, யார் பெயரில் இருக்கிறது, யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டியிருக்கிறது என்று எழுதுங்கள். இருவரும் கையெழுத்துப் போடுங்கள். நிலமும் வீடும் சேர்ந்திருந்தால் வக்கீலைக் கலந்துகொண்டு சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். இன்றைய சட்டத்தில் அந்தத் தாள் எல்லாவற்றையும் காக்காது. ஆனால் கையில் ஒன்றும் இல்லாமல் நிற்பதைவிட அது ஆயிரம் மடங்கு மேல். மீதியைக் காக்கும் சட்டத்தை இயற்றுவது ஆட்சியில் இருப்பவர்களின் கடமை. அடுத்த முறை ஓட்டுக் கேட்டு உங்கள் தெருவுக்கு வருபவரிடம், அந்தச் சட்டம் எப்போது வரும் என்று கணவனும் மனைவியும் சேர்ந்து நின்று கேளுங்கள்.